பொனட்டில் இருந்த பொட்டு

நான் எந்தப் பொருளையும் இரண்டு தரம் துடைத்தவன் அல்ல. சாப்பாட்டு மேசையை ஒரு தரம் துடைப்பதற்கே மனைவி இரண்டு தரம் சொல்லவேண்டும். அப்படிப்பட்டவன் லீவு போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுவதும் கார்போர்ட்டுக்குள் முழங்காலில் நின்று ஒரு கதவைத் தடவிக்கொண்டிருந்தால், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

"உந்தக் கையால என்ர முதுகில ஒருநாளாவது தைலம் பூசியிருப்பியளே?" என்று மனைவி கேட்டாள்.

பூசியிருக்கிறேன். ஆனால் மெஷின் கொண்டு பூசியதில்லை.

கார் வாங்கியது அவளுக்காக. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ஊரில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள முதியோர் இல்லத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவளுக்கு, அவள் நெடுநாள் ஆசைப்பட்ட ஓகூஸ் நகர ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. கிழமை நாட்களில் ரயில் இருக்கிறது. வார இறுதியில் காலை வேலைக்கு முதல் ரயில் போய்ச் சேர்வதற்குள் அங்கே நோயாளிகள் காலைச் சாப்பாடு முடித்துவிடுவார்கள். நான் கொண்டுபோய் விடலாம் என்றால், என் களஞ்சிய வேலையும் அதே நேரத்தில், எதிர்த் திசையில் தொடங்குகிறது. வார இறுதிக்கு வரமுடியாதவர்களுக்கு இந்த வேலை சரிவராது என்று நேர்முகத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவள் லைசென்ஸ் எடுத்தாள். கார் ஓடினால் வேலை. ஓடாவிட்டால் திரும்பவும் சைக்கிள்.

கார் கறுப்பு. அதை விற்ற டேனிஷ் கிழவர் ஒரு கீறலைக்கூட மறைக்காமல் காட்டித்தான் தந்தார். மனைவிக்குக் கீறல் பிரச்சினையில்லை, நிறம்தான் பிரச்சினை.

"நல்ல காரியத்துக்குக் கறுப்பு வாங்கின ஆளை இப்பதான் காணுறன்" என்றாள்.

அதற்குப் பரிகாரமாக அந்தக் கிழமையே கோயிலுக்குப் போனோம். ஐயர் வந்து பொனட்டின் நடுவில் சந்தனத்தால் மூன்று குறி இழுத்து, மேலே ஒரு சில்லறைக் காசளவில் குங்குமப் பொட்டு வைத்தார். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய். கார் அவற்றை நசித்துக்கொண்டு வெளியே வந்தது.

அந்தப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. தானாகப் போகவேண்டும், அதுதான் முறை. மழை கழுவினால் அது சாமி கழுவினது. நான் துணியால் துடைத்தால் அது நான் செய்த அக்கிரமம். டென்மார்க்கில் மழைக்கு என்ன குறை என்று நானும் விட்டுவிட்டேன். அந்த வருடம் பார்த்து, மழைச்சட்டையை நம்பி வாழ்கிற இந்த நாட்டில், வெயில் வந்து குந்திக்கொண்டது. புல் காய்ந்தது. அயலவரின் நாய் நிழலுக்கு எங்கள் காரின் கீழே வந்து படுத்தது. பொனட்டில் குங்குமம் வெந்தது. குங்குமம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும். சுண்ணாம்பு காரின் மேல் பூச்சைத் தின்னும் என்பது எங்கள் வேதங்களில் இல்லை.

ஒருவழியாக மழை வந்து சிவப்பு போனபோது, கீழே வெள்ளையாக ஒரு வட்டமும் மூன்று கோடும் நிரந்தரமாகப் பதிந்திருந்தன. பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது எந்தக் கொம்பனியின் சின்னம் என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.

எனக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி ஆகிவிட்டது. வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினேன். வீடியோவில் கார் துடைக்கிற மனிதர்கள் எல்லோரும் மெல்லிய குரலில், பிள்ளையைத் தாலாட்டுவதுபோலக் கதைப்பார்கள். அவர்களுடைய கார்போர்ட்டில் உருளைக்கிழங்கு மூட்டை கிடக்காது. பொலிஷ் போடும் மெஷின் வாங்கினேன். பஞ்சு வட்டுகள், துணிகள், ஊத்தை எடுக்கும் களிமண் கட்டி, மஞ்சள் காகித டேப், ஒரு சின்னப் போத்தல் கோட்டிங் எல்லாம் வந்தன. மனைவி பெட்டிகளைப் பார்த்தாள்.

"கார் முழுக்கத் தேய்க்கப் போறியளே?"

"ஓம்."

"அந்தப் பொட்டு கிடக்கட்டும்" என்றாள்.

அவள் மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அவளுடைய முதல் வார இறுதி வேலைக்கு, முதன்முதல் காரில் போகிற நாளுக்கு, ஒரு கிழமைதான் இருந்தது. கார் புதிதுபோல மின்னினால் சந்தோஷப்படுவாள், மேலே புதிதாக ஒரு பொட்டு வைத்தால் கணக்குச் சரி என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். கணவன்மார் தமக்குள் தீர்மானித்துக்கொள்வதைப் பற்றி யாராவது ஒரு வீடியோ போடலாம்.

வீட்டு வாசலில் கார் கழுவினால் சவர்க்காரத் தண்ணீர் வீதி வடிகாலுக்குள் போகும் என்று எங்கள் நகரசபையான கொம்யூனுக்குக் கவலை. ஆகவே காசு போட்டுக் கழுவும் கொட்டகைக்குப் போய்க் கழுவிவிட்டு, தூசி படமுன்னர் வீட்டுக்கு வரவேண்டும். முப்பதில் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் மரண ஊர்வலம் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. கறுப்புக் கார்தானே.

களியால் தடவினேன். லைட்டுகளைச் சுற்றியும் றப்பர் ஓரங்களிலும் மஞ்சள் டேப் ஒட்டினேன். வட்டில் பொலிஷ் வைத்து மெஷினை முடுக்கினேன். வட்டைக் காரில் அமர்த்திய பிறகுதான் முடுக்கவேண்டும் என்று அந்த மெல்லிய குரல்காரர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொலிஷ் சுவரில், மூக்குக் கண்ணாடியில், உருளைக்கிழங்கு மூட்டையில் தெறித்தது. மழிக்காத தாடியில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக நின்றேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார்.

"உனக்கும் சின்னம் போட்டுக்கொண்டாய்" என்றார்.

பிறகு கை பழகியது. டோர்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரித் தெரிந்த கீறல்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. பொட்டுக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. முதலில் கோடுகள் போயின. வட்டம் போக மனமில்லாமல் நின்று, பிறகு நிலாப் பிறை மாதிரித் தேய்ந்து, இல்லாமல் போனது. கோட்டிங்கையும் பூசினேன். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பொனட்டில் முகம் பார்த்தேன். மூக்குத் துவாரத்துக்குள் இருக்கும் நரைமயிரெல்லாம் தெரிந்தது. இவ்வளவு பளபளப்பு ஒரு மனிதனுக்குத் தேவையில்லை.

மனைவி கடையிலிருந்து வந்தாள். காரைச் சுற்றி நடந்தாள். முன்னால் நின்றாள்.

"எங்க அது?"

"எது?"

"பொட்டு."

"அடையாளமே இல்லாமல் எடுத்திட்டன் பாத்தீரே!" என்றேன் பெருமையாக.

"நல்லாயிருக்கு" என்றாள். கறி நல்லாயில்லை என்றாலும் விருந்து வீட்டில் அவள் சொல்கிற அதே "நல்லாயிருக்கு." திறப்பை வாங்கிக்கொண்டு ஏறினாள். வீதியின் முடிவு வரை போய்த் திரும்பினாள். திரும்பும்போது வலப்பக்கச் சில்லுகள் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கின. இறங்கி, திறப்பை என் கையில் வைத்தாள்.

"வாற சனி ஞாயிறு என்னால வரேலாது எண்டு வேலைக்குச் சொல்லப்போறன்."

"ஏனப்பா? கோடை முழுக்க நல்லா ஓடினனீர்தானே?"

"அது பொட்டு இருக்கேக்க."

கடைப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். தெய்வ குற்றம். காவலுக்கு நின்ற சாமியை மெஷின் வைத்துத் தேய்த்து இறக்கிவிட்டேன்.

பரிகாரம் செய்யப் புறப்பட்டேன். குங்குமத்தைக் குழைத்துப் பொனட்டின் நடுவில் வைத்தேன். அது மெல்ல வழுக்கி, நம்பர் தகட்டுக்கு மேலால் இறங்கி, நிலத்தில் விழுந்தது. அந்தக் கோட்டிங்கில் எதுவும் ஒட்டாது என்று போத்தலில் எழுதியிருந்தது. வாக்குத் தவறாத போத்தல். விபூதி காற்றோடு போனது. சந்தனத்தைத் தடிப்பாக அப்பினேன். அது இரவு காய்ந்து, காலையில் அப்பளம் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. சாமியே வந்து குந்தினாலும் வழுக்கி விழக்கூடிய ஒரு காரை நான் உண்டாக்கிவிட்டேன்.

கோயில் ஐயருக்கு ரெலிபோன் எடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பூசை செய்தது செய்ததுதான். பொட்டு அழிஞ்சா ஒண்டும் குறையாது. அவவை யோசிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "உந்தக் கோட்டிங் எங்க வாங்கினனீங்கள்? என்ர காரில புறாக்கள் செய்யிற வேலை தாங்கேலாமல் கிடக்கு" என்றார்.

ஐயர் சொன்னதை மனைவியிடம் சொன்னேன், புறாவை விட்டுவிட்டு. "அவர் வந்து ஓடுவாரோ?" என்று கேட்டாள். புதன்கிழமை வேலை முடிந்து வந்து, ஒரு தரம் என்னோடு ஓடிப் பார்க்கும்படி கெஞ்சினேன். வந்தாள்.

ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் போகிற வீதி. நான் பக்கத்தில் இருந்தேன். கார் ஒருதரம் புல்லுப் பக்கம் போனது. நான் மூச்சை இழுத்தேன். அடுத்ததரம் நடுக்கோட்டுப் பக்கம் போனது. எதிரே வந்த லொறிக்காரன் நீளமாக ஹோர்ன் அடித்தான். நான் முருகனையும், எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்துத் தெரு மாதாவையும் கூப்பிட்டேன். பஸ் தரிப்பிடம் ஒன்றில் காரை ஒதுக்கி நிறுத்தினாள். கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"நான் சாமியைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிட்டன்" என்றேன். "ஐயரும் பரவாயில்லை எண்டிட்டார். இன்னும் என்னப்பா?"

"சாமிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஓடப் பழகின ஸ்கூல் காரில பொனட்டு நடுவில அவையின்ர ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டியிருந்தது. நான் இருக்கிற இடத்தில இருந்து பாத்தா அது ரோட்டின்ர வலக்கரை வெள்ளைக் கோட்டில நிக்கும். நிண்டா நான் சரியான இடத்தில போறன். அங்கால இங்கால போனா திருப்போணும். எங்கட காரில பொட்டும் அதே இடத்திலதான் நிண்டது."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்லுறது? கார் பழக்கின மாஸ்டர் தூரத்தைப் பார் தூரத்தைப் பார் எண்டு கத்துற மனிசன். நான் பொனட்டைப் பாத்துத்தான் பாஸ் பண்ணினனான் எண்டு சொன்னா நீங்கள் ஒரு கொண்டாட்டம் விடாமல் எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பியள்."

சிரித்திருப்பேன்.

"இப்ப பொட்டுமில்லை" என்றாள். "பொனட்டில பாத்தா மரம் ஓடுது, மேகம் ஓடுது. எது ரோட்டு, எது கார் எண்டே தெரியேல்லை. உங்கட மினுக்கல்!"

என் காற்சட்டைப் பையில் அந்த மஞ்சள் டேப் சுருள் இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் அது அங்கேதான் இருந்தது. படுக்கைக்கு மட்டும்தான் கொண்டுபோகவில்லை. இறங்கி, ஒரு விரல் நீளம் கிழித்துக்கொண்டு பொனட்டின் மேல் குனிந்தேன். நான் மினுக்கிய கண்ணாடியில் என் தொப்பை என்னை எதிர்கொண்டது.

"எங்க?"

அவள் ஜன்னலை இறக்கினாள். "இன்னும் கொஞ்சம் அங்கால. இல்லை, உங்கட அங்கால இல்லை, என்ர அங்கால! கொஞ்சம் கீழ. தலையை எடுங்கோ, ரோட்டு மறைக்குது."

ஒரு உழவு இயந்திரக்காரர் வேகத்தைக் குறைத்து, உதவி வேண்டுமா என்று கேட்டார். எல்லாம் சரி என்றேன். ஸ்டீயரிங்கில் ஒருத்தி, பொனட்டில் கவிழ்ந்து ஒருத்தன், கையில் ஒரு துண்டுக் காகித டேப்; சரியில்லை என்று நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது.

"ஆ, அதிலதான். ஒட்டுங்கோ!"

போத்தலின் வாக்குப்படி அதுவும் ஒட்டவில்லை. கட்டியிராத சாரத்தின் நுனியைக் கை பழக்கத்தில் தேடியது. சேர்ட்டின் நுனியால் அந்த இடத்தை, நான் அத்தனை பாடுபட்டுப் பூசிய அந்த இடத்தை, தோல் தேயும்வரை அழுத்தித் தேய்த்தேன். பிறகு ஒட்டினேன். பெருவிரலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நின்றது.

வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள். கார் கோட்டில் கட்டி இழுத்தது மாதிரிப் போனது. நான் ஒருவரையும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை அவள் எனக்கு முன்னரே புறப்பட்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். கார் கார்போர்ட்டிலிருந்து பின்னுக்கு வந்து, திரும்பி, நேரே போனது. விடியாத வெளிச்சத்திலும் அந்த மஞ்சள் துண்டு, புதுச் சேர்ட்டில் எடுக்க மறந்த விலைச்சீட்டு மாதிரித் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு நின்றார்.

"முன்னால் ஒரு டேப்பை எடுக்க மறந்துவிட்டாய்" என்றார்.

"இல்லை" என்றேன். எங்கள் வீட்டில் எது எதற்காக ஒட்டியிருக்கிறது என்பதை விளங்கப்படுத்த அந்த மனிதரின் ஆயுள் போதாது.

வேலைக்குப் போய்க் கையுறை போடும்போது ரெலிபோன் அடித்தது.

"இஞ்சருங்கோ, வந்திட்டன். பார்க்கிங்கில நிக்கிறன்."

"பயந்தனீரே?"

"இல்லை. இஞ்ச நிக்கிற காரெல்லாம் ஊத்தை. எங்கடதுதான் மினுங்குது."

நான் களஞ்சியத்தின் நடுவில் பல் தெரிய நின்றேன்.

"ஆனா இறங்கி ரெண்டடி வைக்கேல்லை, ஒரு கடற்பறவை வந்து பொனட்டில எச்சம் போட்டிட்டுது."

"ஐயோ, வெயில் ஏறமுதல் துடையும்! அது பூச்சை அரிச்சுப்போடும்! எந்த இடத்தில?"

"டேப்பில இல்லை" என்றாள். "அது கிடக்கட்டும்."