சம்பந்தியம்மா கேட்டு வாங்கிய கவளை

மீனைக் காசு கொடுத்து வாங்குவது எங்கள் வீட்டில் மானக்கேடு. நைனா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். படகு கரைக்கு வந்ததும், போன ஒவ்வொருவருக்கும் குழம்புக்கென்று ஒரு பங்கு மீன் உண்டு. அதில் வஞ்சிரம் இருந்தால் அம்மா கூடையை மூடாமல் தெருக்கோடியிலிருந்தே ஆட்டி ஆட்டி நடந்து வருவாள். கவளை இருந்தால் மேலே ஒரு துணி. கவளை என்பது கையளவு மீன், உடம்பெல்லாம் முள். எங்கள் எல்லோருக்கும் உயிர். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தின்கிற உயிர்.

தடைக்காலம் என்ற ஒன்று எங்கள் கடலுக்குப் புதிதாக வந்திருந்த சமயம் அது. மீன்கள் முட்டையிடும் கோடையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று சட்டம். பெரியவர்கள் சர்க்காரைத் திட்டிக்கொண்டிருக்க, ஆறாம் வகுப்பு படித்த எனக்கோ அந்தச் சட்டத்தின்மேல் காதலே வந்துவிட்டது. காரணம் அறிவியல் டீச்சர். சினையோடு இருக்கும் பெரிய மீன்களை விட்டுவிட்டு, சீக்கிரம் பெருகுகிற சின்ன மீன்களைத் தின்றால் கடல் காலியாகாது என்று அவர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு சார்ட் வரைந்தேன். வயிறு பெருத்த ஒரு வஞ்சிரம், அதன் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர். கீழே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில், 'பெரிய மீன் குட்டி போடட்டும்! சின்ன மீன் சட்டிக்கு வரட்டும்!'

கண்காட்சி முடிந்ததும் அதைக் கொண்டுவந்து வீட்டில் டிவிக்கு மேலே ஒட்டினேன். நைனா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"வஞ்சரம் இன்னாம்மே குட்டியா போடுது? அது இன்னா பூனையா?"

"கருத்த பாரு நைனா!"

"நீ கருத்த பாரு. நான் மீன பாக்கறேன்."

வருகிற போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அழுகிற வஞ்சிரத்தைக் காட்டினார். தெருவில் எனக்கு 'குட்டி போட்ட வஞ்சரம்' என்று பெயரே வந்துவிட்டது. நான் அசரவில்லை. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கு முன்னும் சொற்பொழிவு ஆற்றினேன். தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போனால் நானும் வாசலுக்குப் போனேன்.

அந்த வருடம்தான் நைனாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீடு திருவொற்றியூர் குப்பம்; அவர்களும் கடல்காரர்கள். மாப்பிள்ளை விருந்துக்கு நாள் பார்த்தபோது, தடைக்காலத்தில் வைத்தால் எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்று இரண்டு வீட்டு ஆண்களும் கைகொட்டி முடிவு செய்தார்கள். எல்லோரும் கரையில் இருந்தால் மீன் எங்கிருந்து வரும் என்பது, நாள் நெருங்கிய பிறகு அம்மாவுக்குத்தான் உறைத்தது.

"மாப்ள விருந்துக்கு வஞ்சரம் இல்லன்னா உன் தங்கச்சிய சொல்லியே சாவடிப்பாங்கய்யா. காலத்துக்கும் பேச்சு."

"போட்டெல்லாம் கட்டிப் போட்டு கீது. நான் இன்னா நீஞ்சிப் போயி புடிச்சிகினு வர்றதா?"

கடைசியில் நைனா எங்கள் குலம் செய்யாத காரியத்தைச் செய்தார். தன்னை யாருக்கும் தெரியாத சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய், எந்தக் கடலிலிருந்தோ எப்போதோ ஐஸில் கிளம்பி வந்திருந்த வஞ்சிரத்தைக் காசு கொடுத்து வாங்கினார். கோணிப்பையில் போட்டு, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பி, கீரை வியாபாரி மாதிரி தெருவுக்குள் வந்தார்.

விருந்தாளிகளுக்கு மட்டும்தான் அது காணும். எங்களுக்கு? சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் விடியலில் கொண்டுவந்த கவளையைக் கொடுத்திருந்தார். அம்மா அதை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, அடுப்படி மூலையில் முறத்தைக் கவிழ்த்து மூடினாள்.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் வஞ்சிரம் தன் வேலையைக் காட்டியது. தோசைக்கல்லில் திருப்பினால் துண்டு துண்டாக உதிர்ந்தது. குழம்பில் கரண்டியை விட்டால் மீனே இல்லை, மாவுதான் இருந்தது.

"இன்னாய்யா வாங்கியாந்த, மீனா புட்டா?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"கத்தாத. அவங்க காதுல வுழும்."

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் சம்பந்தியம்மா. அந்தக் குப்பத்திலேயே பெரிய மீன் வியாபாரி. மீன் கூடை சுமந்த கழுத்து நிமிர்ந்தே இருந்தது. 'புட்டா' என்றது காதில் விழுந்ததும் அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அத்தை முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? புதிதாக ஒரு ஆள் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். டிவிக்கு முன்னால் நின்று, கண்ணீர் விடும் வஞ்சிரத்தில் தொடங்கி மூச்சுவிடாமல் பொழிந்தேன். நைனா பின்னாலிருந்து என் சடையை இழுத்தார்.

"இருப்பா, பாப்பாவ வுடு," என்றார் சம்பந்தியம்மா. "அப்ப இந்த மாசத்துல வஞ்சரம் துண்ணக் கூடாதுன்ற?"

"கூடாது!"

"பின்ன இன்னா துண்றதாம்?"

"கவளை! எங்க வூட்ல மாங்கா போட்டு வெச்சிகீறாங்க. முறத்துக்குக் கீழ கீது!"

அடுப்படியில் ஏதோ கீழே விழுந்தது. நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

சம்பந்தியம்மா எழுந்து நேராக அடுப்படிக்குப் போனார். முறத்தைத் தூக்கினார். மாங்காய் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. "ஏம்மா, இத ஒளிச்சி வெச்சிகினுதான் எனக்கு வஞ்சரம் ஆக்கினியா? பாப்பா சொல்றது நாயந்தான். எனக்கு இத ஊத்து. டேய், உனுக்கும் இதான். அந்த வஞ்சரத்த எறக்கி வையி."

மாப்பிள்ளை ஒரு வாய் வைத்தார். பிறகு இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சம்பந்தியம்மா மட்டும் ஒரே ஒரு மீனை வைத்துக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொரு முள்ளாக உருவி இலை ஓரத்தில் அடுக்கி, நசுக்கி நசுக்கி, எல்லோரும் கை கழுவிய பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்படி ரசித்துக் கவளை தின்ற ஆளை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் தடைக்காலத்து விருந்தென்றால் மாங்காய் போட்ட கவளைதான். "எங்க சம்பந்தியே கேட்டு வாங்கித் துன்னுச்சி," என்று நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். அம்மா கவளைக் கூடைக்குத் துணி போடுவதை விட்டுவிட்டாள். பள்ளி திறந்ததும் நான் டீச்சரிடம் ஓடினேன். "மிஸ், எங்க தெருவே மாறிடுச்சி மிஸ்! எல்லாம் என் சார்ட்டாலதான்!"

அன்றைக்கு விருந்து முடிந்ததும் சம்பந்தியம்மா என்னைக் கூப்பிட்டு, மடியிலிருந்து ஒரு சின்ன இரும்பு உரலை எடுத்துக் கொடுத்து வெற்றிலை இடிக்கச் சொன்னார். நான் இடித்துக் கொடுத்தேன். "இன்னும் மையா இடி கண்ணு," என்றார். மறுபடி இடித்தேன். அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். உள்ளே, முள் மீனை மெல்ல ஒரு பல்கூட இல்லை. சார்ட் ஜெயித்த சந்தோஷத்தில் நானும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.