எல்லாக் குழாய்களும் நீலம்

வாடகை பேசுவதற்கு முன்னால் கனகலட்சுமியக்கா என் கண்ணைப் பார்த்தார். என்னை வாசல் வெயிலில் நிறுத்தி, கட்டைவிரலால் கீழிமையை இழுத்துவிட்டு, விழி வெள்ளையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"காய்ச்சல் கீய்ச்சல் உண்டா? சோறு செல்லுதா?"

"செல்லுதுக்கா."

"அப்ப சரி. பெட்டிய உள்ள வை."

2015 கோடை அது. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பெண்களுக்கு அறை விட்டிருந்தார் அக்கா. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்க நான் வந்திருந்தேன். பல வருடம் நாடு நாடாகச் சுற்றியவளுக்கு மூன்று மாதம் ஓரிடத்தில் இருப்பதே பெரிய காரியம். போகும் தேதியை முதல் நாளே சொல்லிவிட்டேன்.

கட்டடத்தைச் சுற்றி ஓடிய குழாய்களில் ஒன்று மட்டும் ரத்தச் சிவப்பு. கழிப்பறைக்குப் போகும் தண்ணீர். அதை யாரையும் தொடவிடாமல் பொங்கலுக்குப் பொங்கல் அக்காவே பெயின்ட் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாப் பெண்களும் வரிசையாக வாசலுக்கு வந்து கண்ணைக் காட்ட வேண்டும்.

"எக்கா, எங்க லைன்ல கூட இவ்ளோ இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. நான் பாஸா, ரிஜக்டா?" என்பாள் ஒருத்தி.

"ரிஜக்டு. போயி மூஞ்சக் கழுவிட்டு வாட்டி."

எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார், விரல் மட்டும் அடுத்தவளின் இமையிலிருந்து நகராது. கடைசிப் பெண்ணையும் பார்த்து முடித்த பிறகுதான் அவர் காப்பி குடிப்பார்.

காரணத்தை ஒரே மூச்சில் அவர் சொல்லவில்லை. காய் நறுக்கும்போது கொஞ்சம், துணி மடிக்கும்போது கொஞ்சம். நான் சேர்த்து எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்காரர். கணவர் இறந்த பிறகு, 2007இல், வடக்குப்பட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த பொறியியல் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதிக்குச் சமையல் மேற்பார்வைக்கு வந்தார். வார்டனாக இருந்த அம்மாள் நின்றுவிட, இரண்டே வருடத்தில் அந்த வேலையும் இவருக்கு வந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். இவரை மேடம் என்று யாரும் கூப்பிடவில்லை. அக்காதான்.

மழை பொய்த்த ஒரு வருடம் லாரித் தண்ணீருக்குச் சண்டை வந்தது. சுற்றியிருந்த கம்பெனிகளுக்குப் போக மிச்சம்தான் விடுதிக்கு. அப்போதுதான் அக்காவுக்கு அந்த யோசனை தோன்றியது. பிள்ளைகள் குளித்த தண்ணீர் வீணாகத்தானே போகிறது? கொல்லையில் பாத்தி வெட்டி, மணலும் கரியும் போட்டு, கல்வாழை நட்டார். குளித்த தண்ணீர் அதற்குள் ஊறி வடிந்து தொட்டியில் சேரும். அங்கிருந்து மோட்டார் வைத்து மாடிக்கு ஏற்றினால் கழிப்பறைக்கு ஆகும். மாடியில் இரண்டு தொட்டிகள், பக்கத்துப் பக்கத்தில்: ஒன்று லாரித் தண்ணீருக்கு, ஒன்று இதற்கு. கழுவிவிட வசதியாக நடுவில் ஓர் இணைப்புக் குழாய், அதற்கு எப்போதும் மூடியே இருக்கும் ஒரு வால்வு. குடிக்கிற தண்ணீர்க் குழாய்க்கு நீலம் அடித்தார். மற்றதற்கும் இணைப்புக்கும் சிவப்பு. புதிதாக வரும் பிள்ளைக்கு அறையைக் காட்டுவதற்கு முன்னால் குழாயைக் காட்டுவார். சிவப்பு என்றால் வாய் வைக்காதே. அவ்வளவுதான் பாடம்.

பிள்ளைகள் அதற்குச் சிவப்புத் தண்ணி என்று பேர் வைத்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துச் சுகப்பிரியா, இரண்டாம் வருடம் படித்தவள், குளிக்கப் போகும்போதெல்லாம் கத்துவாள்: "எக்கா, கல்வாழைக்குத் தண்ணி ஊத்தப் போறேன்!"

கல்லூரி விடுதிகளுக்கென்று ஒரு சங்கம் ஆண்டுதோறும் விருது கொடுத்துக்கொண்டிருந்தது. புதுமைக்கு ஒன்று, சிறந்த நிர்வாகத்துக்கு ஒன்று. 2012இல் தாளாளர் பரசுராமன் கல்வாழைப் பாத்தியைப் பற்றி எழுதிப் போட்டார். ஆடி மாதம் குழு நேரில் பார்க்க வரும் என்று பதில் வந்தது.

குழு வருகிறதென்றால் நம் ஊரில் முதலில் வருவது பெயின்ட் டப்பா. சுவர், ஜன்னல் கம்பி, கிணற்று மூடி, பூந்தொட்டி எல்லாவற்றுக்கும் அடித்தார்கள். அக்கா மாடியேறிப் பார்த்தபோது குழாய்களுக்கும் அடித்து முடித்திருந்தார்கள். எல்லாம் நீலம். கல்லூரியின் நிறம் அது.

"சிவப்பு பாக்கறதுக்கு ஃபயர் ஸ்டேஷன் மாதிரி இருந்திச்சு மேடம். இப்ப எப்படி, லுக்கே மாறிடுச்சு பாருங்க" என்றார் தாளாளர்.

"அடையாளத்துக்கு அடிச்சதுல்லா சார்?"

"குழு போனதும் மாத்திக்கலாம்."

குழாய் வேலைக்கு இருந்த ரகுபதி வடக்குப்பட்டுக்காரர். அவர் சிரித்தார். "இன்னா மேடம் நீ, இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு. என் கண்ணக் கட்டி வுட்டாக்கூட எது எந்தத் தண்ணின்னு சொல்லுவேன். நான்தான் கீறேன் இல்ல?"

அக்காவும் விட்டுவிட்டார். அந்த வாரமே ரகுபதி காப்புக் கட்டிக்கொண்டார். ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. காப்புக் கட்டியவர் திருவிழா முடியும் வரை எல்லை தாண்டக் கூடாது. கல்லூரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

குழு வருவதற்கு முந்தின நாள் மதியம் அக்கா பூ, பழம் வாங்க ஒரகடம் போயிருந்தார். வாட்ச்மேன் பெருமாள்சாமியிடமிருந்து போன். லாரித் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறிவிட்டது, ஆனால் சமையலறைக் குழாயில் வரவில்லை.

"பெயின்ட்காரன் அடைச்சிருப்பான் அண்ணாச்சி. மேல போயி நீலத்தத் தொறந்து விடுங்க" என்றார் அக்கா. மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை.

பெருமாள்சாமி மாடிக்குப் போனார். எல்லாமே நீலமாக இருந்தன. எல்லாவற்றையும் திறந்துவிட்டு இறங்கி வந்தார்.

மறுநாள் காலை, வாசலில் கோலம், வாழைமரம், பட்டுப்பாவாடையில் பிள்ளைகள். அக்கா குங்குமச்சிமிழைத் தேடிக்கொண்டிருந்தபோது சமையல்கார சுந்தராம்பாள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"யம்மா, கொஞ்சம் வந்து பாரேன். அரிசி களுவுனா நொர வருது."

அண்டாவில் அரிசிக்கு மேல் வெள்ளையாக நுரை மிதந்தது. அக்கா ஒரு கை அள்ளி முகர்ந்தார். பிள்ளைகள் தலைக்குப் போடும் ஷாம்பு வாசனை.

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை என்றார் என்னிடம். இணைப்பு வால்வு முழுதாகத் திறந்திருந்தது. அதை மூடிவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்று மாலையிலிருந்து அத்தனை பிள்ளைகளும் இந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்கள். கீழே வாசலில் குழுவின் கார் திரும்பியது.

சமையலைக் கொட்டச் சொல்லி, தொட்டியைத் திறந்துவிடச் சொல்லி, தாளாளரைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கேட்டுவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"குடிச்சது குடிச்சாச்சு. இப்பச் சொன்னா என்ன ஆகும்? சாயங்காலத்துக்குள்ள அப்பன்மாருங்க வந்து பொட்டியத் தூக்கிடுவாங்க. உங்க ஊருப் பொண்ணுங்கதானே பாதி? ஒருதடவ வூட்டுக்குப் போனா மறுபடி அனுப்புவாங்களா? கல்யாணம் பண்ணி முடிச்சுடுவாங்க மேடம். நீங்களே யோசிங்க."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அக்காவைத் தடுத்தது. அவர் சொன்னது பொய்யில்லை.

குழு மூடி போட்ட பாட்டில் தண்ணீர் குடித்தது. கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருந்ததைப் படம் எடுத்தது. குழுவில் வந்த பேராசிரியை ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரமாதமா யோசிச்சிருக்கீங்க. இதுல ஆபத்து ஏதாவது நடந்திருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றார் அக்கா.

அன்று மாலையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், யாருக்கோ நடந்தது போல நர்ஸ் காந்திமதியிடம் விசாரித்தார்.

"வயித்தால போனா ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிடும்மா. மஞ்சக்காமால அப்படி இல்ல. உள்ளயே உக்காந்திருக்கும். ஒரு மாசம் கழிச்சுக்கூடக் கண்ணுல காட்டும். யாரு, உங்க ஹாஸ்டலா?"

"இல்ல, தெரிஞ்சவுக."

சில பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது, சரியானது. திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் கொடுத்த பலகாரம்தான் காரணம் என்றார்கள். காப்பு அவிழ்த்துவிட்டு வந்த ரகுபதி மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போனார். அதன் பிறகு அக்கா தினமும் காலையில் சாப்பாட்டு வாசலில் நின்றார். தட்டோடு வரும் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நிமிர்த்திப் பார்த்தார்.

"என்னக்கா, பொண்ணு பாக்க வந்திருக்கீயளா?" என்றாள் சுகப்பிரியா. "மாப்பிள்ளைக்கு என்ன வேல?"

"கல்வாழைக்குத் தண்ணி ஊத்துத வேல. வெளிச்சத்துல நில்லுட்டி."

வெள்ளையாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு காலையும் தப்பித்த காலையாகப் போனது. பெற்றோருக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பார். எதுவும் ஆகாமலே போய்விட்டால்? வைத்துவிடுவார். விருது கிடைத்ததென்று செய்தி வந்தது, பிள்ளைகளுக்குப் பாயசம் வைத்தார்கள். விநாயகர் சதுர்த்திக்கு ஒரு வாரம் விடுமுறை. பெட்டிகளோடு பஸ் ஏறும்போதும் அக்கா நின்று பார்த்தார். சுகப்பிரியா லேசாகச் சோர்ந்திருந்தாள். "சோறு வாடையே பிடிக்கலக்கா. அம்மா கையால தின்னா சரியாப் போவும்." கண் தெளிவாகத்தான் இருந்தது. கண்ணில் மஞ்சள் காட்ட இன்னும் நேரம் வரவில்லை.

ஊரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரக் காரணமில்லை. படிப்புக் களைப்பு, பஸ் சூடு என்று நினைத்து மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கி வாங்கிக் கொடுத்தார்கள். நினைவு தப்பிய பிறகுதான் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள்; அவள் பிழைக்கவில்லை. ஈரல் கெட்டுவிட்டது, முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த மாத்திரையைத் தொடவே விட்டிருக்க மாட்டோம் என்றாராம் டாக்டர். இதை அவள் அப்பா கோமதிநாயகம் போனில் அழாமல் சொன்னார். "ஹாஸ்டல்ல வேற பிள்ளையளுக்கு ஒண்ணும் இல்லயே தாயி? பாத்துக்கிடுங்க" என்றார்.

அக்கா அன்று சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். தண்ணீர் கலந்துவிட்டது, ரத்தம் சோதியுங்கள், காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். முதலில் அழைத்தது திரும்பக் கோமதிநாயகத்தைத்தான். அவரிடம் என்ன சொன்னார், அவர் என்ன சொன்னார் என்று அக்கா எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இன்னும் பதினொரு பிள்ளைகளுக்குக் கண்டுபிடித்தார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். தாளாளர் சொன்னது போலவே சிலர் திரும்பி வரவில்லை. இரண்டு பேருக்குத் தை மாதம் கல்யாணம்.

அக்காவை அந்த வாரமே வேலையை விட்டு நீக்கினார்கள். விருதை மேடையில் தாளாளர் வாங்கினார்.

என் மூன்று மாதம் முடிகிற வாரம், ஒரு நாள் வகுப்பெடுக்க அந்தக் கல்லூரிக்கே என்னை அனுப்பினார்கள். விடுதி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கேடயம் இருந்தது. பின்னால் கல்வாழை ஆள் உயரத்துக்கு அடர்ந்திருந்தது. கடும் வெயில். ஒரு பெண் ஓடிப்போய்க் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள். டம்ளரைக் காலி செய்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன்.

திரும்பி வந்து சொன்னபோது அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எல்லாமே நீலமா?"

"எல்லாமேக்கா."

"நடுவுல இருக்க இணைப்பு?"

"கீழேயிருந்து பார்த்தவரைக்கும் அதுவும்தான்."

கீரையை அப்படியே விட்டார். "அங்க தண்ணி குடிச்சியா?"

"ஒரு டம்ளர்க்கா."

"நாளன்னிக்குத்தான கெளம்புதே?"

"ஆமாம்."

"ஒரு மாசம் கழிச்சுப் போ."

மறுநாள் காலை சிவப்பு பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் பையில் போட்டுக்கொண்டு வடக்குப்பட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். மாலை ஷிப்ட் பெண்கள் கிளம்பிப்போன பிறகு வந்தார். முகமெல்லாம் புழுதி. பையை வாங்கி டப்பாவை எடுத்தேன். மூடி திறக்கப்படவில்லை.

"உள்ள விடலயாக்கா?"

"பெருமாள்சாமி அண்ணாச்சி இன்னும் அதே கேட்லதான் நிக்காரு. என்னப் பாத்ததும் அழுதாரு. ஆனா தொறக்கல." செருப்பைக் கழற்றினார். "தெனமும் போவேன். எத்தன நாளைக்குத் தொறக்காம இருப்பாருன்னு பாப்போம்."

பிறகு என் தோளைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய், கம்பெனிக் கூரைகளுக்கு மேல் மிச்சமிருந்த வெளிச்சத்தின் பக்கமாக என் முகத்தைத் திருப்பினார். இமையை இழுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளையாத்தான் இருக்கு" என்றார். விரலை எடுக்கவில்லை.