மஞ்சள் பையில் இருந்த செருப்பு

தென்காசி நீதிமன்றத்தில் இசக்கிப்பாண்டிக்கு ஹவில்தார் என்றுதான் பெயர். ராணுவத்தின் சிக்னல் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்தவன். அதில் ஐந்து வருஷம் ராஞ்சியில். ஊர் திரும்பி ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நின்றபோது, அங்கே வரும் ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பான். அதைப் பார்த்த ஒரு ஏட்டு அவனைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார். அங்கிருந்து நீதிமன்றம். ஆறு வருஷத்தில் இருபத்திரண்டு வழக்குகள் ஆகிவிட்டன. மர அறுவை மில், செங்கல் சூளை, பரோட்டாக் கடை, கோழிப்பண்ணை என்று வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்கள் யார் கூண்டில் ஏறினாலும், பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று அவர்கள் இந்தியில் சொல்வதைத் தமிழில் சொல்கிறவன் அவன்தான்.

அவன் அக்கா வள்ளித்தாய்க்கு இதில் இருந்த பெருமை கொஞ்சமல்ல. அவனைவிட ஆறு வயது மூத்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திப் பீடி சுற்ற உட்கார்ந்தவள். சுந்தரபாண்டியபுரத்தில் இரண்டு பேர் வீடும் ஒட்டினாற்போல இருக்கிறது. நீதிமன்றத்தில் இருந்து அவனுக்கு வந்த இருபத்திரண்டு கடிதங்களையும் தேதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்கி, ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருந்தாள். விசாரணை உள்ள நாளில் அவனுடைய வெள்ளைச் சட்டையை அவள்தான் தேய்ப்பாள். முதலில் காலர், பிறகு கை, கடைசியில் முதுகு. அவன் மனைவி முத்துவடிவுகூட அந்தச் சட்டையைத் தொடுவதில்லை.

நீதிமன்றத்தில் அவன் பெயர் எடுத்தது வேகத்தால். சாட்சி ஐந்து நிமிஷம் பேசினால் இவன் அரை நிமிஷத்தில் சொல்லி முடிப்பான். வயர்லெஸ்ஸில் பழகிய கை. அங்கே ஒரு செய்தியை அனுப்புவதற்கு முன்னால் தேவையில்லாத சொல்லையெல்லாம் அடித்துவிட வேண்டும். நீட்டினால் மேலதிகாரியிடம் திட்டு விழும். அதே பழக்கத்தை அவன் கூண்டுக்குப் பக்கத்திலும் கொண்டுவந்தான். அது தவறு என்று யாரும் சொன்னதில்லை. பெஞ்ச் கிளார்க் பேச்சிராஜ் அவன் தலையைக் கண்டதும் சந்தோஷமாகிவிடுவார்.

“ஹவில்தார் வந்துட்டாருல்லா. இன்னைக்கு மத்தியானச் சோறு சூடாத் திங்கலாம்” என்பார்.

இருபத்திரண்டாவது வழக்கு குற்றாலத்தில் நடந்த ஒரு சாவைப் பற்றியது. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு தங்கும் விடுதி. முந்தைய வருஷத்துச் சாரல் காலம், அறைகள் எல்லாம் நிரம்பியிருந்த ஒரு திங்கட்கிழமை. ஜார்க்கண்டில் இருந்து வந்து அங்கே வேலை பார்த்த லக்கன் என்பவன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறினான். மோட்டார்க் குழாயில் மின்சாரம் கசிந்து அங்கேயே இறந்துபோனான். விடுதி மேனேஜர் ஞானதுரையின் கவனக்குறைவுதான் காரணம் என்று வழக்கு. ஞானதுரை ஒரே ஒரு பதில்தான் சொன்னார்: கசிவு இருந்தது தனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்ததா இல்லையா என்பதில்தான் முழு வழக்கும் நின்றது.

லக்கனின் மனைவி சுமித்ரா சாட்சி சொல்ல மூன்று நாள் ரயிலில் வந்திருந்தாள். இருபத்தாறு வயது. விடுதியில் கணவனோடு தங்கியிருந்தவள், அவன் இறந்த பிறகு ஊருக்குப் போய்விட்டாள். கையில் ஒரு மஞ்சள் பை. அன்றைக்குப் பீடி அட்டையைப் புதுப்பிக்கத் தென்காசிக்கு வந்த வள்ளித்தாய், தம்பி நீதிமன்றத்தில் நிற்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வள்ளித்தாய் அவனை அங்கே பார்ப்பது அதுதான் முதல் தடவை. “உண்மையாக, உள்ளது உள்ளபடி மொழிபெயர்ப்பேன்” என்று அவன் உறுதிமொழி சொன்னபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அரசு வக்கீல் கேட்டார்: “சம்பவம் நடந்தப்ப இவங்க எங்க இருந்தாங்க, என்ன நடந்ததுன்னு கேளுங்க.”

இசக்கிப்பாண்டி கேட்டான். சுமித்ரா பேச ஆரம்பித்தாள். நடுவில் அழுகை வந்தது. பைக்குள் கைவிட்டு ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பை எடுத்துக் காட்டினாள்; திரும்பவும் பைக்குள் வைத்தாள்; மறுபடி எடுத்தாள். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிஷம் ஓடியது. அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் இசக்கிப்பாண்டி சொன்னான்:

“நான் கீழே சமைத்துக்கொண்டு இருந்தேன். சத்தம் கேட்டு மாடிக்கு ஓடினேன். என் கணவர் தொட்டிப் பக்கத்தில் விழுந்து கிடந்தார்.”

நடுவர் அம்மா தட்டச்சு செய்பவரிடம் அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். “செருப்பைக் காட்டி என்னவோ சொல்றாங்களே?”

“இறந்தவரோட செருப்பும்மா. அதை வச்சு அழுறாங்க.”

நடுவர் தலையசைத்தார். முதல் விசாரணை நான்கேகாலுக்கு முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் குற்றாலீஸ்வரன் குறுக்கு விசாரணையை மறுநாள் காலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். சுமித்ராவுக்கு மறுநாள் சாயங்காலம் சென்னைக்கு ரயில்.

அக்காவும் தம்பியும் ஐந்தரை மணிப் பேருந்தில் ஊருக்குத் திரும்பினார்கள். ஜன்னல் ஓரம் அக்கா. தென்காசி தாண்டியதும் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“ஏலே இசக்கி, ஒன்னு கேக்கட்டா?”

“கேளுக்கா.”

“அந்தப் புள்ள நாலு நிமிசம் பேசுதா. நீ மூணு வரியில முடிச்சிட்ட. மீதி எங்கன போச்சு?”

இசக்கிப்பாண்டி சிரித்தான். “நீ என்ன, அங்கயும் வந்து பீடிக் கட்டு எண்ணுதியா? அதெல்லாம் அழுகைக்கா. கோர்ட்டுக்கு ஆகாது.”

“அழுதாலும் என்னத்தையாவது சொல்லித்தானலே அழுவா. வெறும் சத்தமா போடுவா? அந்தச் செருப்ப அத்தன தடவ எடுத்துக் காட்டுனாளே, என்ன சொன்னா?”

“புதுச் செருப்பு. ஈரத்துல அழுக்காயிரும்னு ஏணிக்குக் கீழயே கழட்டி வச்சிட்டு, வெறுங்காலோட ஏறியிருக்கான். அதச் சொல்லி அழுதா.”

“அட பாவமே. இவ வாங்கிக் குடுத்ததா?”

“இல்ல, மேனேசர் குடுத்தது. ஒரு டீ வாங்கித் தராத மனுசன், மொத நாள் சாயங்காலம் அவரே கடைக்குப் போயி வாங்கிட்டு வந்தாராம். இத மாட்டாம தொட்டிப் பக்கம் போவக்கூடாதுன்னு…”

அவன் நிறுத்திவிட்டான். பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏறி, மறுபடி கிளம்பியது.

“என்னலே, பாதியில நிறுத்திட்ட?”

“அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குக்கா” என்றான். “கரண்டு கசியுதது தெரிஞ்சுதான் செருப்பு வாங்கிக் குடுத்திருக்கான்.”

மூன்று மணிக்குக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றபோதும் இதே வார்த்தைகள்தான் அவன் காதில் விழுந்தன. அவற்றில் அவனுக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவள் குரல் உடைந்த அந்த இடத்திலேயே அவன் மனது கேட்பதை நிறுத்திக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் ஒப்பாரி என்று ஒதுக்கிவிட்டான். சுமித்ராவுக்கும் அதன் மதிப்புத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அது, கெட்டவரென்று நினைத்திருந்த மேனேஜர் செய்த ஒரே நல்ல காரியம். அதையும் புருஷன் பயன்படுத்திக்கொள்ளவில்லையே என்ற வருத்தம். அதைத் தமிழில் முழுசாகச் சொன்னது பேருந்தில் அக்காவிடம்தான். சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது.

வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். நடுவர் தானாகவே கேட்டாரே, அப்போதும் அழுகை என்றுதானே சொன்னோம் என்பது அவனைக் குடைந்தது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த அறையில் இந்தி தெரிந்தவர்கள் அவனும் சுமித்ராவும் மட்டும்தான். சாயங்கால ரயிலில் அவளும் போய்விடுவாள். சொன்னால், ஆறு வருஷத்துப் பெயர் காலை ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

“இது தெரிஞ்சா ஒன்ன இனி கூப்புட மாட்டாவளோ?” என்று கேட்டாள் வள்ளித்தாய்.

“கூப்புட மாட்டாவ.”

அவள் கொஞ்ச நேரம் பீரோ இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். “சட்டையக் கழட்டிக் குடு. அலசிப் போட்டாத்தான் காலையில காயும்” என்றாள்.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு அவன் பேச்சிராஜ் முன்னால் நின்றான். வள்ளித்தாயும் உடன் வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்ட பேச்சிராஜ் பேனாவை மூடினார்.

“ஹவில்தார், ஒம்ம நல்லதுக்குச் சொல்லுதேன். ஆத்துல போறத எடுத்து ஏன் மடியில கட்டுதீரு? அந்தப் பொம்பளையே இன்னைக்கு மறுபடி சொன்னா சொல்லிட்டுப் போறா.”

“செருப்பப் பத்தி இன்னைக்கு யாரும் கேக்க மாட்டாவ அண்ணாச்சி. கேக்காதத அவளும் சொல்ல மாட்டா.”

“அப்ப ஒம்ம பேரு?”

இசக்கிப்பாண்டி சட்டைப் பையில் கைவிட்டான். தான் எழுதி வந்திருந்த தாளை மேஜைமேல் வைத்தான்.

நடுவர் வந்து உட்கார்ந்ததும் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். இசக்கிப்பாண்டி அணிவகுப்பில் நிற்பதுபோல நின்றான்.

“நேற்று நானே கேட்டேனே?”

“கேட்டீங்கம்மா. நான்தான் அழுகைன்னு சொன்னேன். பொய் சொல்லணும்னு சொல்லல. முழுசாக் கேக்காமச் சொல்லிட்டேன்.”

குற்றாலீஸ்வரன் எழுந்துவிட்டார். “சாட்சி சொல்லாததை எல்லாம் ஒரே ராத்திரியில் சொன்னதாக ஆக்குகிறார்கள். இந்த மொழிபெயர்ப்பாளரை யாரோ நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்.”

அறையில் எல்லோரும் இசக்கிப்பாண்டியைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்தது.

“இடையில் இதைப் பற்றி உங்களோடு யார் பேசினார்கள்?” என்றார் நடுவர்.

“எங்க அக்கா.”

யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. “என்ன பேசினார்?”

“மீதி எங்கன்னு கேட்டாங்கம்மா.”

நடுவர் சிறிது நேரம் எழுதினார். அந்த வழக்கில் இசக்கிப்பாண்டி இனி மொழிபெயர்க்கக் கூடாது, சாட்சியோடு பேசவும் கூடாது. வேறு மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகு சுமித்ராவை முதலில் இருந்து விசாரிக்க வேண்டும் என்றார். அவன் உறுதிமொழியை மீறினானா என்பதைப் பிறகு பார்ப்பதாகவும் சொன்னார். அவன் கடைசி பெஞ்சுக்குப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பன்னிரண்டே காலுக்கு அனுசியா டீச்சர் வந்தார். தென்காசியில் பிள்ளைகளுக்கு இந்தி சொல்லிக் கொடுப்பவர். நீதிமன்றத்துக்குள் அன்றுதான் முதலில் வருகிறார். சுமித்ராவின் பேச்சு அவர் பாடப் புத்தகத்தில் படித்த இந்தி போல இல்லை. அதனால் ஒவ்வொரு வரியாக நிறுத்தச் சொன்னார். புரியாததைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். சுமித்ரா கூண்டில் நின்று இசக்கிப்பாண்டியைத் தேடினாள். ஏன் அந்த ராணுவக்காரர் தூரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அதே கேள்வி. அவள் அதேபோலப் பேசினாள்; அதே இடத்தில் குரல் உடைந்தது. டீச்சருக்கும் குரல் தடுமாறியது. ஆனால் விடவில்லை.

“முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர் இந்தச் செருப்பை வாங்கிட்டு வந்து குடுத்தார். இதைப் போடாம தொட்டிப் பக்கம் போகாதேன்னு என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னார். நான் பக்கத்துல நின்னேன். அவர் புதுசு வீணாயிடும்னு ஏணிக்குக் கீழே கழட்டி வச்சிட்டு ஏறினார். போட்டிருந்தா இருந்திருப்பார்.”

தட்டச்சு இயந்திரச் சத்தம் நின்றது. ஞானதுரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றாலீஸ்வரன் இரண்டு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். போலீசில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று நான்கு விதமாகக் கேட்டார். “யாரும் கேக்கல” என்பதுதான் நான்கு தடவையும் அவள் பதில்.

செருப்பைச் சான்றுப்பொருளாக எடுத்துக்கொண்டு எண் போட்டு ஒட்டினார்கள். சுமித்ரா டீச்சரிடம் ஏதோ கேட்டாள்.

“இதை எப்போ திருப்பித் தருவீங்கன்னு கேக்கறாங்க” என்றார் டீச்சர்.

“வழக்கு முடிஞ்ச பிறகு” என்றார் நடுவர். சுமித்ரா காலிப் பையை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஞானதுரைக்குத் தண்டனை. அவன் காவல் நிற்கும் வங்கிக்கு வந்து பேச்சிராஜ்தான் சொன்னார். இசக்கிப்பாண்டியைக் கண்டித்து எழுதியதோடு நடுவர் விட்டுவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு தென்காசியில் இந்தி வழக்கு வந்தால் அனுசியா டீச்சரைத்தான் கூப்பிட்டார்கள். வங்கிக்கு வரும் வக்கீல் குமாஸ்தாக்களில் சிலர் அவனைப் பார்த்து, “என்ன ஹவில்தார், அக்கா சௌக்கியமா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். வள்ளித்தாயின் பிளாஸ்டிக் உறையில் ஒரு வருஷம் நான்கு மாதம் இருபத்திரண்டு கடிதங்களே இருந்தன. மாதம் ஒரு தடவை வெளியே எடுத்துத் தூசி தட்டி மறுபடி வைப்பாள்.

இருபத்து மூன்றாவது செங்கோட்டை நீதிமன்றத்தில் இருந்து வந்தது. மர அறுவை மில்லில் நடந்த அடிதடி. சாட்சி, பீகாரில் இருந்து வந்த வயதான ஒருவர். அடித்தவனைப் பார்த்தீரா என்று கேட்டதற்கு, காலையில் எழுந்ததில் இருந்து ஆரம்பித்தார். ஊரில் தன் ஆடு குட்டி போட்டிருப்பதாக மகள் போனில் சொன்னாள் என்றார். இரண்டு குட்டி, அதில் ஒன்று கறுப்பு என்றார். இசக்கிப்பாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் வாயையே பார்த்தபடி நின்றான். பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னான். மணி ஒன்றரை தாண்டியிருந்தது. அரசு வக்கீல் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

“ஆடு எதுக்குய்யா இந்த வழக்கில்?” என்றார் நடுவர்.

“தெரியலய்யா” என்றான் இசக்கிப்பாண்டி. “சாட்சி சொன்னாரு.”