நாற்றுமேட்டுக் காவல்காரன்

வயிற்றில் பிள்ளையாம்! பிரிக்பீல்ட்ஸ் வரிசை வீட்டு வாசல்களில் உட்கார்ந்து அப்படிப் பேசினவர்களுக்கு எத்தனை தடவை சொல்வது? சீதாலெட்சுமியின் முகத்தை ஊத வைத்தது மாத்திரை. நம்பாவிட்டால் போங்கள், சொல்லாமல் விடுவதாக இல்லை.

கல்யாணமாகாமல் அப்பா தம்புசாமியோடு இருந்துகொண்டு வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள் அவள். எண்பத்து மூன்றாம் வருஷம் வெளுக்க ஆரம்பித்தாள். உதடு கஞ்சி நிறமாயிற்று. காலடியில் ஓடும் தையல் மிஷின் எங்கோ தூரத்து மழைபோலக் கேட்டது. ரயில் போனால் வீடும் மெல்ல மிதந்து அதன் பின்னாலேயே போனது. வலியே இல்லை, சுகமாகக்கூட இருந்தது. அதுதான் பயம்.

தம்புசாமி பாசாரிலிருந்து முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாக வாங்கிக் கொட்டினார். ரத்தம் மட்டும் ஏறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார் டாக்டர் தியாகராசா. தம்புசாமி கிள்ளான் தோட்டத்தில் ரப்பர் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ந்தவர் என்று தெரிந்ததும் அதை வைத்தே விளக்கினார்.

"எலும்புக்குள்ளதான் ரத்தம் முளைக்குது, நாத்துமேடு மாதிரி. நோய் வராம காக்க உடம்புல ஒரு காவக்காரன் இருக்கான். இவளோட காவக்காரன் சிவப்பு நாத்தையே களைன்னு நெனச்சுப் பிடுங்கிப் போடுறான்."

"அப்ப ஈரலெல்லாம் வேஸ்ட்டா டாக்டர்?"

"நீங்க சாப்பிடுங்கய்யா. இவளுக்கு மாத்திரை. அவன தூங்க வைக்கணும்."

அன்று ரத்தம் ஏற்றும்போது அவளுக்குக் கண் செருகியது. வரிசை வரிசையாக வெளிறின நாற்று. நடுவில் யாரோ குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தோளைத் தொட்டாள். திரும்பிய முகம் அவளுடையது.

மாத்திரையில் முகம் பூசணியாயிற்று, வயிறும் உப்பியது. பக்கத்து வீட்டு வீரம்மா ஒரு தட்டு நிறைய ஊறவைத்த மாங்காய் ஜெரோக் கொண்டுவந்து வைத்தாள்.

"வாய்க்குப் புளிப்பா நல்லா இருக்கும்லா. எத்தனை மாசம்?"

அன்றிலிருந்து சீதாலெட்சுமி வாசலை எட்டிப் பார்க்கவில்லை. மாத்திரையையும் அப்பாவுக்குத் தெரியாமல் சாக்கடையில் போட்டாள். முகம் வடிவதற்குள் மிஷின்மேலேயே சரிந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. "கொஞ்சம் கொஞ்சமா நான் குறைச்சா முகமும் வடியும்மா. நீயா நிறுத்துனா அவன் முழிச்சுக்குவான். அடுத்த தடவை எழுந்து வருவியான்னு சொல்ல முடியாது."

மறுபடி விழுங்கினாள். ஒருநாள் மிஷின் சத்தம் தூரத்திலிருந்து புறப்பட்டு வந்து காலடியில் நின்றது. மஜ்ஜையில் முளை விட்டிருப்பதாக டாக்டரும் சொன்னார். முகம் மட்டும் பூசணியாகவே இருந்தது.

அடுப்படியில் வீரம்மாவின் தட்டு கிடந்தது. வந்த தட்டை வெறுமனே அனுப்புகிற வழக்கம் எந்த வீட்டில் உண்டு? ஈரலைப் பிரட்டி அதில் வைத்தாள்.

"நான் குடுத்துட்டு வரேன்" என்றார் தம்புசாமி.

"எனக்கு வந்த தட்டுப்பா. வீரம்மாக்காவும் வெளுத்துத்தான் இருக்கு, சாப்பிடட்டும்."

அன்றைய மாத்திரையை விழுங்கினாள். செருப்பை மாட்டினாள். முந்தானையால் முகத்தை மூடவில்லை. எதிர் வாசல்களில் பேச்சு நின்றது. தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.