அஸ்கா வேண்டாம் என்று சொன்ன டாக்டரம்மா

காரமடையிலிருந்து வந்த பஸ்ஸை, நான் நாட்டுச்சர்க்கரை காய்ச்சும் ஆலைக்கு எதிரே நிறுத்தி, கண்டக்டர்தான் சொன்னார். "பெரியவரே, போத்தனூர் பல் டாக்டரம்மா தவறிப் போயிட்டாங்களாமுங்க. நேத்தே எடுத்துட்டாங்களாம்." கொப்பரையில் கரும்புப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பாதியில் விட முடியாது. இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் சரசு எழுதுகிறாள். மரகதம் டாக்டரை அறிந்த தாய்மாருக்கு இது போய்ச் சேரட்டும்.

வாரம் ஒரு நாள் வருவார். எங்கள் முதலாளி, தோட்டத்துக் கிடங்கில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். கைக்குழந்தைகளின் மேல்வரிசைப் பற்கள் ஈறோரத்தில் பழுப்பேறிக் கரைந்திருப்பதைப் பார்த்து, "தூங்க வெக்கற பால் பாட்டில்ல அஸ்கா போடாதீங்க அம்மணி" என்றார். வெள்ளைச் சீனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"விழுகற பல்லுதானுங்களே" என்பார்கள் பெண்கள்.

"விழுகற வரைக்கும் அதுலதான கண்ணு சோறு திங்கோணும்?"

பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். அஸ்காவை நிறுத்திவிட்டு, எங்கள் ஆலை நாட்டுச்சர்க்கரையைப் பாலில் கரைத்தார்கள். கலப்படம் இல்லாதது, கண்ணெதிரே காய்ச்சியது, அதில் என்ன கெடுதல் என்றுதான் ஊரே நினைத்தது. முதலாளியின் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டுமா? "டாக்டரம்மாவே சொல்லிப்போட்டாங்க" என்று சொல்லியே சந்தையில் விற்றார்.

என் பேத்தி செல்விக்கு அப்போது மூன்று வயது. கன்னம் வீங்கி, இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சரசு தூக்கிக்கொண்டு ஓடினாள்; நானும் பின்னால் போனேன். வாயைத் திறந்து பார்த்த டாக்டரம்மா, "பாட்டில்ல என்ன குடுக்கறே?" என்றார்.

"அஸ்காவைக் கையாலயும் தொடறதில்லீங்க. மாமா காய்ச்சின நாட்டுச்சக்கரைதானுங்க. நல்லதாச்சேன்னு ஒரு கரண்டி சேத்தியே போடறனுங்க."

கையிலிருந்த சின்னக் கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு, "அஸ்கான்னு பேரைச் சொன்னது என்ர தப்பு. இனிப்புன்னு சொல்லியிருக்கோணும்" என்றார். செல்வியின் முன்பற்கள் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. அவள் அலறியது வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

அன்றே ஆலைக்கு வந்து முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஏனுங்க, நம்ம கரும்பு வெசமாங்க?"

"வெசமில்லீங்க. நீங்களும் நானும் காப்பில போட்டுக் குடிக்கலாம். கொழந்தை வாயில விடிய விடிய ஊறக் கூடாது. அஸ்காவாட்டமே இதுவும் பல்லை அரிக்குமுங்க."

"ஊர்பூரா இதைச் சொன்னா என்ர யாவாரம் என்னாகறது? ரூம் குடுத்தது நானுங்க, ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குதுங்க" என்றவர், அறைச் சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டு நடந்தார்.

அதன் பிறகு பஸ் நிழற்குடையில்தான் பிள்ளைகளைப் பார்த்தார். அங்கே உட்காருவதற்கு முன், தாம் அஸ்கா வேண்டாம் என்று சொன்ன வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், வாசலில் நின்று மாற்றிச் சொன்னார். "அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. நாளைக்குப் பாலே வேண்டாம்பீங்களாட்டருக்குது" என்று ஒருத்தி இடக்காகப் பேசினாள். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "பால் குடு கண்ணு. இனிப்பு வேண்டாம். குடிச்சதும் வாயைத் தொடச்சுப் படுக்க வை. ராத்திரி பாட்டில் கேட்டு அழுதா வெறும் தண்ணி. நாலு நாள் அழுகும், பல்வலில அழுகறதுக்கு இது தேவலை."

வெயிலில் அவர் முகம் கருத்துப் போயிருந்தது. "எதுக்குங்க இத்தனை அலைச்சல்? ஆளை விட்டுச் சொன்னாப் போதாதுங்களா?" என்று கேட்டேன்.

"தப்பாச் சொன்ன வாய் இதுதானுங்களே" என்றார்.

பலர் கேட்கவில்லை. முதலாளி அறையைத் திருப்பித் தரவும் இல்லை. உடம்பு முடியாமல் போகும்வரை அந்த நிழற்குடைக்கே வந்துகொண்டிருந்தார். செல்வியின் தம்பிக்குப் பாலில் நாங்கள் எதுவும் கலப்பதில்லை. அவன் பற்களில் இதுவரை சொத்தை இல்லை.

நான் இன்னும் கொப்பரைக்கு முன்னால்தான் நிற்கிறேன். வேறு தொழில் தெரியாது. இடுப்பில் பிள்ளையோடு சர்க்கரை வாங்க வருகிறவர்களிடம், "பலகாரத்துக்கு வாங்கிக்கோ அம்மணி, பாட்டிலுக்கு வேண்டாம்" என்கிறேன். "காய்ச்சறவரே இப்பிடிச் சொன்னா எப்பிடீங்க?" என்று சிரிக்கிறார்கள். முதலாளி முறைக்கிறார். வீட்டுக்குப் போய் அவர்கள் என்ன செய்கிறார்களோ, தெரியாது. அலுப்பாகத்தான் இருக்கிறது. டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த அலுப்பும், அலுப்போடு மறுபடி சொல்வதும்தான். நாளைக்கு இன்னொருத்தி வருவாள்.