அவருடைய இலக்கம்

நோர்வே சிம்மை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் கதைத்தால் பில் தாங்காது. அதனால் ஊருக்குப் போனவுடன் என் முதல் வேலை உள்ளூர் சிம் ஒன்று வாங்குவதுதான். போன வருடமும் நல்லூரில் அண்ணன் வீட்டில் பெட்டியை வைத்த கையோடு பக்கத்துக் கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒன்று வாங்கினேன். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அது அடித்தது. இலக்கத்தை அதுவரை நான் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

எடுத்து ஹலோ என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கட்டாகிவிட்டது. பின்னேரமும் அப்படியே. அடுத்த நாள் காலை, கோயில் வீதியில் நிற்கும்போது ஒரு பெண் கதைத்தாள்.

“அவர் உங்களோடையோ இருக்கிறார்?”

பிழையான இலக்கம் என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

“நான் சண்டைக்கு வரேல்லை அக்கா. அவரைத் திருப்பிக் கேக்கவும் மாட்டன். உயிரோடை இருக்கிறார் எண்டு மட்டும் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்.”

கோயில் மதில் நிழலுக்கு ஒதுங்கி நின்றேன்.

மெல்ல மெல்லக் கேட்டு அறிந்தேன். அவள் பருத்தித்துறை. கடலுக்குத் தொழிலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. போன் அவனோடு போய்விட்டது. அன்றிலிருந்து அந்த இலக்கத்துக்கு அவள் அழைப்பு எடுத்துக்கொண்டே இருந்தாள். பாவனையில் இல்லை என்று பதிவுசெய்த குரல் சொல்லும், கேட்டுவிட்டு வைப்பாள். இப்போது திடீரென்று மணி போயிருக்கிறது, ஒரு பெண் எடுத்திருக்கிறாள்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். கனகாலம் பாவிக்காத இலக்கத்தைத் திரும்ப எடுத்து வேறு ஆளுக்கு விற்பது வழமைதான் என்றார். அவளுக்கு எடுத்து அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. நேரில் வந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. சிம்மை எறிந்துவிட்டு வேறொன்று வாங்கச் சொன்னார் அண்ணன். நான் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ் நிலையத்தில் இறங்கி, வழி கேட்பதற்காக அவளுக்கு எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. ஆட்களை விசாரித்துக்கொண்டு நடந்தேன். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் செருப்பில்லாமல் ஒருத்தி நின்றாள். கையில் போன். நான் யாரென்று சொன்ன பிறகும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் போய் அவள் போனைக் காட்டியபோதுதான் விளங்கியது. என் அழைப்பு அவளுக்கு அவன் முகத்தோடு போயிருந்தது. அவன் இலக்கத்தோடு அவள் சேர்த்து வைத்திருந்தது, ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த படம். வெள்ளைச் சேட்டு, வெயிலுக்குச் சுருங்கிய கண்கள்.

சிம் வந்த அட்டையையும் என் பாஸ்போர்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னில் பிழையில்லை என்றாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். பள்ளிக்கூடம் போயிருந்த மகளைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தாள். பிறகு கேட்டாள்.

“இன்னொருக்கா எடுப்பியளோ?”

எதிரில் இருந்தபடியே எடுத்தேன். மேசையில் கிடந்த அவளுடைய போன் அதிர்ந்தது, அவன் முகம் வெளிச்சமானது. அவள் அதைத் தொடவில்லை. வந்து முன்னால் உட்கார்ந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றதும் திரும்ப எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. ஒரு கட்டத்தில் எனக்கு விரல் கூசியது. அவள் எடுத்துக் காதில் வைத்தால் கேட்கப்போகும் குரல் என்னுடையதாக இருக்குமா என்று ஒரு பயம்.

புறப்படும்போது சிம்மைக் கழற்றி நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு வேண்டாம் அக்கா. என்னட்டை இருந்தா நானே எனக்கு எடுக்கிற மாதிரி. நீங்களே வைச்சிருங்கோ. வேறை ஆருக்கும் போகவிடாதையுங்கோ.”

நோர்வேக்குக் கொண்டுவந்துவிட்டேன். பழைய போன் ஒன்றில் போட்டு, ரோமிங்கில் விட்டு, குசினி ஜன்னலடியில் வைத்திருக்கிறேன். அவளிடமிருந்து அழைப்பு வரும், நான் தூக்குவதில்லை. முதலில் இது என்ன விசர் வேலை என்று கேட்ட என் கணவரும் இப்போது அது அடித்தால் டீவிச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். இடைக்கிடை நானும் அவளுக்கு எடுப்பேன். மணி முழுவதும் போய் நிற்கும்.

போன மாதம் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், நான் கொடுத்த அழைப்பை அவள் எடுத்துவிட்டாள்.

“இஞ்சாருங்கோ” என்றாள், அவனைக் கூப்பிடும் குரலில்.

நான் வாய் திறக்கவில்லை. மகள் ஓ.எல். சோதனை பாஸ் பண்ணிவிட்டாள் என்றாள். கிணற்றடியில் நின்ற முருங்கை காற்றுக்கு முறிந்துவிட்டதாம். மூச்சுச் சத்தம் கேட்டுவிடக்கூடாதென்று போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சரி, வைக்கிறன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.