மூன்றாவது மேஸ்

கொறற்றியைப் பற்றிச் சொல்வதென்றால், அவளுடைய அண்ணன் ராசனை நல்லவன் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். எனக்கு அது கசக்கிறது. ஆனால் ஜெர்மனியில், இந்த வுப்பர்டாலில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சனம் முழுக்க அப்படித்தான் சொன்னது. நானும் சொன்னேன். ஊரில் நடந்த சண்டைக்குள் இருந்து தங்கச்சியை இங்கே எடுப்பித்து, இரண்டு அறை வீட்டில் ஓர் அறையை அவளுக்கு விட்டு, முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலையும் பிடித்துக் கொடுத்தவன் அவன். அதே இல்லத்தின் சமையலறையில்தான் எனக்கு வேலை.

கொறற்றிக்கு அப்போது இருபத்தாறு வயது. உடுப்புகளைக் கழுவி மடித்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். போகமாட்டாள். மேலே ஏறிப்போய் அந்தக் கிழவிகளுக்குத் தலை வாரி இழுத்து விடுவாள். அவர்களில் பாதிப்பேருக்குச் சொந்தப் பிள்ளைகளின் பெயரே மறந்துவிட்டது, ஆனால் இவள் வரும் நேரம் மட்டும் தெரியும். இதைப் பார்த்த தலைமைத் தாதி, முதியோர் பராமரிப்புக்கான மூன்று வருட அவுஸ்பில்டுங் படிக்க அவளுக்கு ஓர் இடம் தருவதாகச் சொன்னார். படிப்பும் சம்பளமும் சேர்ந்து வரும். அன்று கொறற்றி சமையலறைக்கு ஓடிவந்து, என் கையில் இருந்த அகப்பையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அமெரிக்கா வந்து குறுக்கே நின்றது. ராசனின் மனைவி அன்ரனிற்றாவுக்கு அல்பேர்ட் என்று ஒரு தம்பி, நியூ ஜெர்சியில் இருக்கிறான். அவனுக்குக் கொறற்றியைக் கேட்டார்கள். அமெரிக்கா என்றால் எங்கள் ஆட்களில் பிணமும் வாய்திறக்கும். "கொஞ்ச நாளையிலை போகப்போறவளுக்கு இஞ்சை என்னத்துக்குப் படிப்பு" என்றான் ராசன். தானே அவளைக் கூட்டிக்கொண்டு தலைமைத் தாதியிடம் போய், நல்ல ஜெர்மன் மொழியில் நன்றி சொல்லி, இடம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தான். கொறற்றி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அண்ணை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவளுடைய வேதம்.

அமெரிக்காவில் போய் அவள் முழிக்கக்கூடாது என்று ராசன் ஒரு மாலை வகுப்புக்கும் பணம் கட்டினான். 'அமெரிக்கச் சமூகமும் பண்பாட்டு மரபுகளும்: ஓர் அறிமுகம்' என்பது வகுப்பின் பெயர். பெண்பிள்ளை இருட்டுக்குள் தனியே போகக்கூடாதாம், துணைக்கு என்னையும் அனுப்பினான். ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டு வந்த ஷெரில் என்ற அமெரிக்க அம்மா, அழகான ஜெர்மன் மொழியில் பாடம் நடத்தினார். சுகமா என்று கேட்பார்களாம், ஆனால் பதிலுக்கு நிற்கமாட்டார்களாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூடாதாம். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, வரும்போது ஆளுக்கொரு கறி கொண்டுவரச் சொல்வார்களாம். அப்படி ஒரு விருந்து எதற்கு என்று நான் கேட்டேன். கொறற்றி என் தொடையில் கிள்ளினாள். அவள் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தை மாதக் கடைசியில் அல்பேர்ட் தன் வீட்டை வீடியோ எடுத்து அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ராசன் வீட்டு வரவேற்பறையில் கூடிவிட்டோம். அன்ரனிற்றா பற்றிஸ் பொரித்திருந்தாள். ஆள் உயரக் குளிர்ப்பெட்டி வந்தது, கார் வந்தது, கிறிஸ்துமஸுக்கு வைத்த நத்தார் மரம் வந்தது. பிறகு சுவரோடு கட்டிய கணப்பு அடுப்பு. அதன் மேல் விளிம்பில் மூன்று சிவப்பு மேஸ் தொங்கின. காலுறையை நாங்கள் மேஸ் என்போம். இரண்டு பெரிது, ஒன்று சின்னது.

"அதென்ன மேஸ் தொங்குது?" என்று கேட்டது நான்தான்.

"பாவம், குளிர் நாடெல்லே. கழுவி நெருப்பிலை காயப் போட்டிருக்கிறான். செய்துகுடுக்க ஆர் இருக்கினம்?" என்று அன்ரனிற்றா உடனே சொன்னாள்.

"சின்னது சுருங்கினது, அண்ணி. கம்பளியைச் சுடுதண்ணியிலை போட்டிருப்பார்" என்றாள் கொறற்றி. சலவைக்காரியின் தீர்ப்பு அல்லவா, எல்லோரும் சிரித்தோம்.

மாசியில் பண்டிகைகள் பற்றிய பாடம் வந்தது. ஷெரில் ஒரு பையிலிருந்து அதே மாதிரிச் சிவப்பு மேஸ்களை எடுத்து மேசையில் பரப்பினார். நத்தாருக்கு இவற்றைக் கணப்பு அடுப்பில் தொங்கவிட்டுப் பரிசுகளால் நிரப்புவார்களாம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. "எங்கள் வீட்டில் நாய்க்கும் ஒன்று உண்டு" என்று சொல்லி, ஒரு சின்ன மேஸைத் தூக்கிக் காட்டினார்.

அல்பேர்ட் வீட்டு மேஸ் மூன்றையும் நான் மனதுக்குள் மறுபடி எண்ணிப் பார்த்தேன். கொறற்றியின் முகமோ மலர்ந்துகொண்டே வந்தது. திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மலரக்கா, விளங்கிச்சே? பெரிய ரெண்டிலை ஒண்டு எனக்கு. நான் வாறதுக்கு முன்னமே எனக்கும் சேர்த்துத் தொங்கவிட்டிருக்கிறார். சின்னது நாய்க்கு. வீடியோவிலை நாய் வரேல்லை, வெளியிலை நிண்டிருக்கும்."

நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் சொன்னபடியே இருக்கட்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அல்பேர்ட் தொலைபேசியில் பேசுவது வழக்கம். அடுத்த ஞாயிறு நானும் போயிருந்தேன். கொறற்றி சிரித்த முகத்தோடு ரிசீவரை எடுத்தாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "உங்கடை நாய்க்கு என்ன பேர்?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "நாய் வளர்க்கிறேல்லையாம். நாய் மயிர் பட்டால் அவருக்கு இழுப்பு வருமாம்" என்றாள்.

மறுபடியும் ரிசீவருக்குள், "அப்ப அந்தச் சின்ன மேஸ் ஆருக்கு?" என்றாள்.

ராசன் எழுந்து வந்து ரிசீவரை வாங்கி, "பிறகு எடு" என்று சொல்லி வைத்துவிட்டான். என்ன நடந்தது என்று அவன் தங்கச்சியைக் கேட்கவேயில்லை. இவனுக்கு முன்பே எல்லாம் தெரியும் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"அது அமெரிக்காவிலை இருக்கிற கிறீன் காட்டுக்காக ஒருத்தியோடை செய்த எழுத்து, வெறும் பதிவு. கோயில்லை நடக்காதது ஒரு கலியாணமே?" என்றான்.

"பிள்ளை?"

"பிள்ளை தாயோடை இருக்கும். அவளை விடுறன் எண்டுதான் அவன் சொன்னவன்."

"உங்களுக்கு எப்ப தெரியும், அண்ணை?"

அன்ரனிற்றாதான் சொன்னாள். "போன ஈஸ்டருக்கே தெரியும். எல்லாம் உன்ரை நன்மைக்குத்தான் சொல்லேல்லை. எங்கடை அகதி வழக்கும் இழுபடுது. நீ அங்கை போனா எங்களையும் எடுப்பாய் எண்டு நினைச்சம்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு, அதைத் தோண்டி எடுத்துப் பரிமாறவும் கை கூசவில்லை.

கொறற்றி அழவில்லை. "தலைமைத் தாதியிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஈஸ்டருக்குப் பிறகுதானே" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு ராசனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அல்பேர்ட் எங்கேயோ இருக்கிற ஒருத்தன், அவன் ஏமாற்றினால் திட்டிவிட்டு மறக்கலாம். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அந்தக் கிழமையே அவள் ஒரு பெட்டியோடு, இல்லத்தின் மேல்மாடியில் இருந்த வேலையாட்கள் அறைக்கு வந்துவிட்டாள். அவுஸ்பில்டுங் இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அடுத்த வருடத்துக்கு எழுதிப்போட்டுவிட்டுப் பழையபடி உடுப்பு மடித்தாள்.

பங்குனியில் ஒருநாள் ராசன் இல்லத்து வாசலுக்கு வந்தான். தாடி வளர்ந்து, ஆள் வாடிப் போயிருந்தான்.

"தங்கச்சி, வீட்டை வா. நடந்தது நடந்து போச்சு. ஆக்கள் கேக்கினம்."

அவள் ஜெர்மன் மொழியில் பதில் சொன்னாள். எனக்கு இப்போது வேலை நேரம், நீங்கள் போகலாம் என்று, அலுவலகத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள். அவன் தமிழில் கெஞ்சக் கெஞ்ச அவள் அந்த மொழியை விட்டு இறங்கவில்லை. கடைசியில் அவன் போய்விட்டான்.

"கூடப் பிறந்தவனோடை அது என்னடி பாஷை? தமிழிலையே நாலு பேச்சுக் குடுத்திருக்கலாமே" என்று நான் கேட்டேன்.

அவள் கையில் இருந்த துவாயை மடித்து முடித்தாள்.

"தமிழிலை வாய் திறந்தா அண்ணை எண்டுதானே முதல் வருகுது, அக்கா."